வேடந்தாங்கல்: கரைக்குக் கீழே இருக்கும் ஊர்

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் தாண்டித் தெற்கே வந்தால் படாளம் கூட்டுரோடு. அங்கே மேற்கே திரும்பி 12 கிலோமீட்டர் போல உள்ளே போனால் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். டிசம்பர், ஜனவரி மாத ஞாயிறுகளில் அந்தச் சாலை முழுக்க வெளியூர் வண்டிகள்தான். வருகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் ஏறுகிறார்கள். தண்ணீரைப் பார்த்தபடியே கரை நெடுக நடக்கிறார்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிக் கூழைக்கடாவையும் நாரையையும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போகிறார்கள். அவர்கள் நடக்கும்போது முதுகுப் பக்கம் கழனி இருக்கிறது. கரையில் மதகு, மதகிலிருந்து கால்வாய், கால்வாய்க்கு இரு பக்கமும் நெல். அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

நான் அந்த முதுகுப் பக்கத்தைச் சேர்ந்தவள். வேடந்தாங்கலை ஒட்டிய ஊர்களில் ஒன்றில் பிறந்து, ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்து, பிறகு அரசுப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பள்ளிப் பாடத்தில் எங்கள் பக்கம் ஒரே ஒரு சொல்லாகத்தான் வரும். ‘பொருத்துக’ கேள்வியில் வேடந்தாங்கலுக்கு நேரே பறவைகள் என்று கோடு போட்டால் ஒரு மதிப்பெண். பிள்ளைகள் சரியாகவே கோடு போடுவார்கள். ஆனால் இந்த ஏரியை எதற்காகக் கட்டினார்கள், சுற்றிலும் இத்தனை ஏரி இருக்கப் பறவை ஏன் இங்கே கூடு கட்டுகிறது, இந்த ஊர்க்காரர்கள் அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே பதில் தெரியாது. அவர்களுக்காகத்தான் இந்த வட்டாரத்தின் நிலத்தையும் பழைய கதைகளையும் தேடித் தேடிப் படித்தேன்.

படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. வேடந்தாங்கல் முதலில் ஒரு விவசாய ஊர். ஏரி பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. பறவையைக் காத்தவர்களும் அந்த ஏரியில் பாசனம் செய்தவர்கள்தான். அரசாங்கச் சட்டமெல்லாம் ரொம்பக் காலம் கழித்து வந்தது.

நிலத்திலிருந்து தொடங்குகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து கிழக்கே கடற்கரை வரை நிலம் மெல்ல, கண்ணுக்கே தெரியாமல் சரிந்து வருகிறது. வடக்கே பாலாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். மதுராந்தகம் பக்கம் கிளியாறு. அதுவும் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே கருங்கல் பாறை தட்டும். அதனால் பெய்த மழை ஆழமாக இறங்கித் தங்க வழியில்லை. மழை இல்லாத நாடும் இல்லை இது. வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். கொட்டிய தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் நேரே கடலுக்குப் போய்விடும். தை பிறந்தால் வானம் வெறிச்சென்று கிடக்கும்.

இந்த நிலத்துக்கு எங்கள் முன்னோர்கள் கண்ட வழி ஏரி. நகரத்துப் பிள்ளைகள் ஏரி என்றால் பள்ளம் தோண்டித் தண்ணீர் நிரப்பியது என்று நினைக்கிறார்கள். ஏரிக்குத் தோண்டும் வேலை குறைவு. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கமாகப் பார்த்துப் பிறை போல வளைத்து ஒரு மண்கரை போடுவார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். மேட்டு நிலத்தில் விழுந்த மழை வரத்துக்கால் வழியாக ஓடி வந்து கரையில் முட்டி நிற்கும். கரையின் அடியில் மதகு. அதைத் திறந்தால் தண்ணீர் தானாகவே கீழே கழனிக்குப் பாயும், இறைக்க வேண்டியதில்லை. கரையின் ஓரத்தில் கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகப் போகும். அதைத்தான் எங்கள் பக்கத்தில் ‘ஏரி கோடி போவுது’ என்பார்கள். கோடி போகிற நாள் ஊருக்குத் திருநாள். கலங்கலில் மீன் பிடிக்க ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். மேல் ஊர் கோடி போனது என்று காதில் விழுந்தால், கீழ் ஊரில் மம்மட்டியை எடுத்துக்கொண்டு வரத்துக்காலைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படி ஒன்றுக்கொன்று தொடுத்த ஏரிகள்தான் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க. ஏரி மாவட்டம் என்றே அதற்குப் பேர். அதில் வேடந்தாங்கல் ஏரி சிறியது. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். தெற்கே மதுராந்தகம் ஏரியின் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஏதோ ஊர்க்குட்டை அளவுக்குத்தான் தோன்றும்.

இந்தச் சின்ன ஏரிக்கு மற்றவற்றில் எளிதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஏரிக்குள்ளேயே அடர்ந்து நிற்கும் மரங்கள். நீர்க்கடம்பு என்ற மரம், இடுப்பளவு தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் அழுகாது. கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தாலும் காயாது. அதோடு கருவேல மரங்களும் உண்டு. நான் சொல்வது நாட்டுக் கருவேலம். ஏரி நிறைந்ததும் இந்த மரங்கள் ஒவ்வொன்றும் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து தனித்தனியாக நிற்கும். பூனை, கீரி, நாய் எதுவும் எளிதில் அண்ட முடியாது. முட்டையும் குஞ்சும் வைக்க இதைவிடப் பத்திரமான இடம் பறவைக்குக் கிடைக்காது.

ஆனால் 74 ஏக்கர் ஏரி ஆயிரக்கணக்கான பறவைகளின் வயிற்றை நிரப்ப முடியுமா? முடியாது. குஞ்சு பொரித்த பிறகு நாள் முழுக்கத் தீனி வேண்டும். விடிந்ததும் பறவைக் கூட்டம் எழும்பி நாலா திசையும் போவதைப் பார்த்தால் விஷயம் புரியும். கூழைக்கடாக்கள் மீனுக்காகத் தொலைதூரத்துப் பெரிய ஏரிகளுக்குப் போகின்றன. நத்தைகுத்தி நாரைக்குக் கழனிச் சேற்றில் கிடைக்கும் நத்தைதான் ஆகாரம். அதன் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டு இருப்பது நத்தையைக் கையாளத்தான். அரிவாள் மூக்கன் அண்டை ஓரத்தில் குத்திக் குத்திப் பூச்சி புழு எடுக்கும். உண்ணிக்கொக்கு ஏர் போகும் சாலிலும், இப்போது டிராக்டர் போகும் சாலிலும் பின்னாலேயே நடந்து வரும். வேடந்தாங்கல் ஏரி இவற்றுக்கு வீடு என்றால், சமையற்கட்டு சுற்றுவட்டாரத்துக் கழனிகளும் ஏரிகளும். நெல் நடுகிற நிலம் இல்லாமல் போனால் கூடு கட்ட மரம் மட்டும் இருந்து பயனில்லை.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். கூடு கட்டுகிற பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்து வகைகள். அவை இங்கே தங்கித் தின்றுவிட்டுத் திரும்பிப் போகும், கூடு கட்டுவதில்லை. கூடு கட்டுபவை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா. எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழை எங்கே நன்றாகப் பெய்து ஏரி நிறைகிறதோ அங்கே போகும். வேடந்தாங்கல் நிறையாத வருஷம் வராது, அல்லது கொஞ்சமாக வந்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் கரிக்கிலி ஏரிகள் உண்டு. அங்கே போய் இறங்கும். ஆக, ஊருக்கு மழை வந்ததா இல்லையா என்பதற்குப் பறவைக் கூட்டமே சாட்சி. ஊர்க்காரர்கள் அவற்றை லட்சுமி மாதிரி பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கணக்குப் பார்க்கிற காரணம். இந்தப் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சம்பா ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுவடை. நவரை மார்கழி, தையில் நட்டுச் சித்திரைக்குள் அறுப்பு. ஏரி கார்த்திகையில் நிறைகிறது. அதே சமயம் பறவை கூடு கட்டத் தொடங்குகிறது. மூன்று நான்கு மாதம் மரமெல்லாம் வெள்ளையடித்ததுபோல எச்சமாக இருக்கும். அத்தனையும் தண்ணீரில் விழுகிறது. மீன் தின்ற பறவையின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். அந்தத் தண்ணீர் மதகு வழியாக நேரே நவரைப் பயிருக்குப் பாய்கிறது. என் பெரியப்பாவுக்கு இந்த ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. என் அண்ணன் ஒரு முறை மற்றவர்கள் போடுகிறார்களே என்று யூரியா வாங்கிக்கொண்டு வந்து நின்றான். “இந்தத் தண்ணிக்கு எதுக்குடா யூரியா? போட்டீன்னா பயிரு கழுத்து தாங்காம சாஞ்சிடும். கடையிலயே திருப்பிக் குட்து வா” என்று அனுப்பிவிட்டார். தழைச்சத்து அதிகமானால் நெற்பயிர் மதமதவென்று வளர்ந்து கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும் என்பதைப் பிறகு நான் வேளாண்மைப் புத்தகத்தில் படித்தேன். பெரியப்பா பள்ளிக்கூடம் போகாதவர்.

பறவை விவசாயிக்கு உரம் தருகிறது, நத்தையையும் பூச்சியையும் தின்கிறது. விவசாயி பறவைக்குத் தண்ணீரையும் மரத்தையும் தீனி கிடைக்கும் கழனியையும் தருகிறார். இருவருக்கும் இழுபறியும் உண்டு. பங்குனியில் நவரைக்குத் தண்ணீர் வேண்டும். அப்போதுதான் கடைசியாகப் பொரித்த குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். ஏரி சீக்கிரம் இறங்கி மரத்தடி காய்ந்தால் குஞ்சுக்கு ஆபத்து. தண்ணீர் விடாவிட்டால் பயிர் காயும். இந்தச் சிக்கலோடுதான் ஊர் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகிறது.

இனி வரலாறு. எங்களுக்கு வடமேற்கே கிட்டத்திலேயே இருக்கிறது உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் அங்கே பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று, ஆறு பேர் கொண்டது. ஏரியைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு வருஷம் ஆள் தேர்ந்தெடுத்த நாடு இது. ஓட்டுப் போட்டதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் எதற்காகப் போட்டார்கள் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பிற்பாடு ஏரிக்குக் காவல் விளைச்சலிலேயே இருந்தது. களத்துமேட்டில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும் அரசுப் பங்கு, உழுதவர் பங்கு என்று பிரிக்கும் முன்பே சிலருக்கு அளந்து வைத்துவிடுவார்கள். அதற்கு மேரை என்று பெயர். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, ஏரிப் பராமரிப்புக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்டு. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் இரண்டாயிரம் ஊர்களுக்கு மேல் அளந்து எழுதினார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், ஏரி எவ்வளவு பரப்பு, யாருக்கு எவ்வளவு மேரை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தரம்பால் என்ற காந்தியவாதி ஆவணக் காப்பகங்களில் இவற்றைத் தேடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சாதியையும் ஏற்றத்தாழ்வையும் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கணக்கை நான் புகழ மாட்டேன். மேரை வாங்கியவர்களுள் சேரியில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம். வாங்கிய மரியாதை அதைவிடக் கொஞ்சம். ஆனால் ஏரியைப் பராமரிக்க விளைச்சலில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிய அந்தப் புத்தியை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

1780-ல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, சனங்கள் ஓடினார்கள், அடுத்து பஞ்சம். பல ஏரிகள் பார்ப்பாரற்றுப் போயின. அந்த நிலையில் 1790-களின் நடுவில் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். எங்கள் வட்டாரத்துக் கதையில் இவரைத் தவிர்க்க முடியாது. ஏரிகளைப் பழுது பார்க்க முயன்றவர். ஜாகீரைப் பற்றி 1799-ல் நீண்ட அறிக்கை எழுதியவர். அதே சமயம் வரி விஷயத்தில் கறார். அவர் காலத்தில்தான் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் உழமாட்டோம் என்று ஊரை விட்டே வெளியேறிப் போராடினார்கள். நல்ல துரை, கெட்ட துரை என்று ஒரே வார்த்தையில் அவரை அடைக்க முடியாது.

மதுராந்தகம் கோதண்டராமர் கோயிலில் இவரைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள். மழைக்கு மழை ஏரிக்கரை உடைந்துகொண்டே இருந்தது. தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்யப் பணம் கேட்டார்கள். இந்த வருஷம் உங்கள் சாமி கரையைக் காத்தால் கட்டித் தருகிறேன் என்றார் துரை. கொட்டும் மழையில் நள்ளிரவில் கரையைப் பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லும் அம்பும் ஏந்திய இரண்டு வாலிபர்கள் கரையைக் காவல் காப்பது தெரிந்தது. விடிந்து பார்த்தால் கரை உடையவில்லை. சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கோயில் சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். துரை பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் கோயிலில் இருக்கிறது. எனக்கு ராமர்மேல் பக்தி உண்டு. அதோடு இன்னொன்றும் கவனிக்கிறேன். ஊரே சாமியிடம் வேண்டிக்கொண்டது ஏரிக்கரை நிற்க வேண்டும் என்றுதான். கரை உடைந்தால் ஒரு வருஷச் சோறு போச்சு.

இதே பிளேஸிடம்தான் வேடந்தாங்கல் மக்களும் போனார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் ஏரியின் பறவைகளை யாரும் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை இந்த ஊருக்கு உண்டு என்று பிளேஸ் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். நில வரி ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அந்தக் காலத்தில் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டுக்குக் கவுல் என்று பெயர். பறவைக்கு ஒரு கவுல் என்பது அபூர்வம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன் மாணவர்களிடம். ஹைதர் படையெடுப்பு முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கும் சீமை. துப்பாக்கி வைத்திருப்பவன் ஆளும் கம்பெனியின் சிப்பாய். அவனை எதிர்த்துப் புகார் சொல்ல ஒரு குக்கிராமத்துச் சனங்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர்கள் அழகை ரசித்துக்கொண்டு போய் நிற்கவில்லை. அந்தப் பறவைகள் போனால் தங்கள் கழனியின் வளம் போகும் என்று தெரிந்து போனார்கள். உயிரின்மேல் இரக்கமும் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்திருக்காது. உலகத்தில் காட்டுயிர்ச் சரணாலயம் என்று அரசாங்கங்கள் யோசிக்கத் தொடங்காத காலம் அது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1872-ல்.

1858-ல் அந்த உரிமை மறுபடி புதுப்பிக்கப்பட்டது. அதே 1858-ல்தான் சென்னை மாகாணத்தில் குடிமராமத்துச் சட்டமும் வந்தது. ஏரி வேலைக்கு ஊரார் கட்டாயம் உழைக்க வேண்டும் என்ற சட்டம். காலங்காலமாகத் தாங்களே செய்துவந்த காரியத்துக்கு அரசாங்கம் சட்டம் போட வேண்டி வந்தது என்றால், நடுவில் எதுவோ முறிந்திருக்கிறது. ஏரிக்கென்று ஒதுக்கிய பங்கையும் சேர்த்து வரியாக எடுத்துக்கொண்டால் ஊர் எதைக் கொண்டு கரையைக் கட்டும்?

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936-ல் செங்கல்பட்டு கலெக்டர் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962-ல் வனச் சட்டத்தின் கீழ் வந்தது, 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டமும் சரணாலய எல்லை. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ஈரானில் ராம்சர் நகரில் 1971-ல் செய்த உலக ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியல் அது.

பெருமைதான். ஆனால் கரைக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் நிலைமை வேறு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வரத்துக்கால் இருந்தது. சின்ன வயதில் மழை நின்றதும் அதில் காகிதக் கப்பல் விடுவோம். மேல் நிலத்தை மனைகளாகப் பிரித்தபோது அந்தக் கால்வாயைத் தூர்த்துவிட்டார்கள். யார் வீட்டு வாசல் என்று தெரியாமல் இப்போது தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஏரிக்கு வருவதில்லை. ஏரிகளின் உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வண்டல் எடுத்துக் கழனிக்கு வண்டியில் அடித்த காலம் போய்விட்டது. போர்வெல் வந்த பிறகு மதகைப் பற்றிய கவலை பலருக்கு விட்டுப்போயிற்று. போர் போட்டவனுக்கு ஏரி நிறைந்தால் என்ன, நிறையாவிட்டால் என்ன என்று தோன்றும். ஏரி நிறையாமல் நாலு வருஷம் போனால் போரிலும் தண்ணீர் இருக்காது என்பது அப்புறம்தான் தெரியும். சொர்ணவாரியை விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். ஏ.டி.டி. 37, நாங்கள் குண்டு நெல் என்போம், அதைப் போட்டுவந்த இடங்களில் தர்பூசணி வந்திருக்கிறது. தண்ணீர் தேங்காத நிலத்தில் நத்தை இல்லை. நத்தை இல்லாத நிலத்தில் நாரைக்கு வேலை இல்லை.

2020-ல் அந்த 5 கிலோமீட்டர் வட்டத்தை உள்பகுதி, வெளிப்பகுதி என்று பிரித்து, வெளிப்பகுதியில் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் யோசனை வந்தது. பறவை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நானும் எதிர்த்தேன். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்: பறவை தின்னப் போகும் கழனி அந்த வெளிப்பகுதியில்தான் இருக்கிறது. எதிர்த்தவர்களிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி அந்தச் சமயத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. “பறவைக்காக எங்களை இதைக் கட்டாதே, அதை விற்காதேன்றாங்க. எங்க நெல்லுக்கு யாரு விலை கேட்டு வந்தாங்க?” என்று என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பறவைமேல் கோபம் இல்லை. தீபாவளிக்குச் சத்தமாக வெடி வெடிக்கும் பிள்ளைகளை அதட்டுகிற பெண்தான் அவள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் பறவைக்காக வெடியையே விட்டுவிட்டவர்கள். இப்படிப்பட்ட ஊர்களிடம் கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டு, விளைச்சலுக்கு ஒரு துணையும் தராமல் இருப்பது நியாயமில்லை.

என்ன செய்யலாம் என்றால், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வட்டத்துக்குள் இருக்கும் வரத்துக்கால்களை அளந்து, தூர்ந்ததைத் திறக்க வேண்டும். மழைக்கு முன் கரையையும் கலங்கலையும் ஊராரைக் கொண்டே கூலி கொடுத்துப் பழுது பார்க்க வேண்டும். இந்தப் பாசனத்தில் நெல்லே பயிர் செய்கிறவர்களுக்குக் கூடுதல் விலை தர வேண்டும். பறவை எச்சத்தில் விளைந்த அரிசி என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். சுற்றுலாச் சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கலாம். களத்துமேட்டில் ஏரிக்கு முதலில் அளந்து வைத்த ஊர் இது. அந்த முறை இங்கே புதிது இல்லை.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். தை மாதத்தில் வாருங்கள். அதிகாலையில் அல்லது மாலை நாலு மணிக்கு மேல் வந்தால் பறவைகள் கூட்டமாக இருக்கும். சத்தம் போடாமல் பாருங்கள், பிளாஸ்டிக் பையைக் கரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பார்த்து முடிந்ததும் கரையின் மறுபக்கம் இறங்கிக் கழனி ஓரம் கொஞ்ச தூரம் நடந்து போங்கள். நடவோ களையெடுப்போ நடந்துகொண்டிருக்கும். அங்கே இருப்பவர்களிடம் இந்த வருஷம் ஏரி கோடி போனதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தில் வீட்டுமனை வாங்கப் போவதாகச் சொன்னால், அந்த மனை எந்த வரத்துக்காலின் மேல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.